நம்ம மாடித் தோட்டம் எத்தனை அணா விளையும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைச் சற்றுச் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடை 2020 மே மாசத்துல இருந்து தொடங்கலாம்.

மே 5-ம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினாங்க. கொரோனா அங்கிருந்து பரவுதுன்னு தெரிஞ்ச பிறகு எடுத்த முடிவு. அடுத்த சில நாள்ல மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போச்சு. அந்த இடைப்பட்ட நாட்கள் ஞாபகம் இருக்கா? மயிலாப்பூர்லயும் தி.நகர்லயும் தள்ளுவண்டி வருமா வராதான்னு ஜன்னல்லயே நின்னோம். வந்தா என்ன விலை சொல்வாங்களோன்னு ஒரு பயம். செப்டம்பர் கடைசியிலதான் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மறுபடி திறந்தது.

அந்த மாசங்கள்ல நிறைய பேருக்கு ஒரே யோசனை வந்தது: மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு, நாமளே காய் போட்டா என்ன? பை வாங்கினோம், விதை போட்டோம், முதல் வெண்டைக்காயை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டோம். அதுக்கப்புறம் வந்த கேள்விதான் இன்னிக்கு நம்ம கேள்வி. இந்த மாடி ஒரு வருஷத்துக்கு எவ்வளவு காய் தரும்? ஒரு குடும்பத்துக்குப் போதுமா?

கேட்க சின்னக் கேள்விதான். ஆனா "இந்த நிலம் எவ்வளவு விளையும்?"னு முன்கூட்டியே சொல்ற வேலை, ராஜராஜ சோழன் காலத்துல இருந்து இன்னிக்கு பயிர்க் காப்பீடு வரைக்கும் அரசாங்கங்களைப் படாத பாடு படுத்தியிருக்கு. அவங்க பண்ணின தப்புகளைத்தான் நாமளும் நம்ம மாடியில பண்றோம். அதனால முதல்ல வரலாறு, அப்புறம் கணக்கு.

கொல்லையை யாரும் எண்ணலை

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல, கோயிலுக்கு வரி தர வேண்டிய ஊர்களோட பட்டியல் இருக்கு. ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவுன்னு சொல்லிட்டு, அதுல வரி இல்லாத நிலத்தைக் கழிப்பாங்க. குளம், ஊடே போற வாய்க்கால், சுடுகாடு, கோயில் இதெல்லாம் கழிவு. அந்தக் கழிவுப் பட்டியல்ல முக்கியமான ஒண்ணு ஊர் நத்தம். அதாவது ஜனங்க வீடு கட்டி வாழற இடம்.

இந்த வார்த்தை உங்களுக்குப் புதுசு இல்லை. வீட்டு மனை வாங்கப் போனா "இது கிராம நத்தம்"னு இன்னிக்கும் பத்திரத்துல வருது. ஆயிரம் வருஷமா வருவாய்க் கணக்குல உயிரோட இருக்குற சொல்.

இதுல நமக்கு என்ன விஷயம்னா, வீட்டுக் கொல்லை இந்த நத்தத்துக்குள்ள அடங்கிடும். கொல்லையில இருக்குற முருங்கை, வாழை, அவரைப் பந்தல் எல்லாம் வரிக்கு வெளியே. வரி இல்லைன்னா அளக்கத் தேவையில்லை. அளக்கலைன்னா கணக்குல எழுத மாட்டாங்க. நெல் வயலுக்கு நூற்றாண்டுக்கணக்கா ஆவணம் இருக்கு. கொல்லைக்கு அப்படி ஒண்ணு கிடையாது.

மதராஸ்ல இருந்த பழைய வீடுகளை நினைச்சுப் பாருங்க. மயிலாப்பூர் மாட வீதிகள்ல வாசல் குறுகலா இருக்கும், உள்ளே போகப் போக நீளமா போகும், கடைசியில கிணறு. குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் வாழைக்கும் சேம்புக்கும் போகும். பக்கத்துல கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை. அந்த வீட்டுப் பாட்டிகிட்ட "வருஷத்துக்கு எத்தனை கிலோ?"ன்னு கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க. அது கிலோ கணக்குல யோசிக்கிற விஷயமே இல்லை. இன்னிக்கு குழம்புக்கு நாலு முருங்கைக்காய் மரத்துல இருக்கா, இல்லையா. அவ்வளவுதான் கணக்கு.

பதினாறு அணா பயிர்

வயலுக்கு வருவோம். பிரிட்டிஷ் காலத்துல கிராமத்துல கர்ணம் இருந்தார். அவர்கிட்ட 'அடங்கல்'னு ஒரு பதிவேடு. எந்தச் சர்வே எண்ணுல யார் என்ன பயிர் போட்டிருக்காங்கன்னு அதுல எழுதணும். தமிழ்நாட்டுல 1980-ல கர்ணம் பதவியையே ஒழிச்சாங்க, அந்த இடத்துக்கு வி.ஏ.ஓ. வந்தார். அடங்கல் மட்டும் அப்படியே தொடருது.

நிலப்பரப்பு கர்ணத்துக்குத் தெரியும். விளைச்சல் எப்படித் தெரியும்? கண்ணால பார்த்துச் சொல்றதுதான். அதுக்கு ஒரு முறை வெச்சிருந்தாங்க. ஒரு ரூபாய்க்கு 16 அணா இல்லையா, அதே மாதிரி வழக்கமான நல்ல விளைச்சலை 16 அணான்னு வெச்சுக்குவாங்க. இந்த வருஷம் மழை குறைச்சல், பூச்சி வேற, அப்போ 10 அணா. ரொம்ப மோசம்னா 6 அணா. சில மாகாணங்கள்ல 12 அணாவையே வழக்கமான விளைச்சலா வெச்சிருந்தாங்க.

ஆக, ஃபார்முலா இதுதான்: நிலப்பரப்பு, பெருக்கல் வழக்கமான விளைச்சல், பெருக்கல் இந்த வருஷத்து அணா. எளிமையான, புத்திசாலித்தனமான ஃபார்முலா. மூணுல ரெண்டு, அதாவது வழக்கம்ங்கிறதும் அணாங்கிறதும், ஒரு மனுஷனோட கண்ணை நம்பி இருக்கு. பிரச்சினை அங்கதான்.

அந்தக் கண்ணு ஒரு பக்கமாவே சாயும். நல்லா விளைஞ்சிருக்குன்னு எழுதினா வரியில இருந்து விலக்கு கேட்க முடியாது. அதனால விவசாயிக்கும் கர்ணத்துக்கும் குறைச்சு எழுதறதுல லாபம். பஞ்சம் வந்தா மேலதிகாரி கேள்வி கேட்பார், அதுக்கும் குறைச்சு எழுதறதுதான் பாதுகாப்பு. அந்தக் கால அதிகாரிகளுக்கே இது தெரியும். முழு 16 அணா போடுற கை அபூர்வம்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கணக்குப் போடுறவருக்கு எதுல லாபமோ, எண் அந்தப் பக்கம் சாயும். கொஞ்ச நேரத்துல இது தலைகீழா மாறப் போகுது.

யுத்தம், ரேஷன், காகிதத்துல விளைஞ்ச நெல்

1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சது. மதராஸுக்கு பர்மா அரிசி ரொம்ப முக்கியம், அது ஒரேயடியா நின்னுபோச்சு. அந்த ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மதராஸே காலியானது. அடுத்த வருஷம் வங்காளத்துல பஞ்சம், லட்சக்கணக்கான மக்கள் செத்தாங்க. மதராஸ் நகரத்துல ரேஷன் வந்தது.

அப்போதான் அரசாங்கம் 'அதிக உணவு உற்பத்தி' இயக்கத்தை ஆரம்பிச்சது. 'க்ரோ மோர் ஃபுட்'னு பேரு. தரிசை உழுங்க, கிணறு வெட்டுங்க, உரம் போடுங்க, முடிஞ்ச இடத்துல எல்லாம் உணவுப் பயிர் போடுங்க. அதே நேரத்துல உலகம் முழுக்க இதே பாட்டுதான். பிரிட்டன்ல 1939-லயே பூச்செடியைப் பிடுங்கிட்டு உருளைக்கிழங்கு போடச் சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல 'விக்டரி கார்டன்'. 1943-ல எலினார் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே ஒரு தோட்டம் போட வெச்சார். அந்த நாட்டுல 2 கோடி வீட்டுத் தோட்டம் இருந்ததாகவும், நாட்டோட காய்கறியில 40 சதவீதம் அதுல இருந்து வந்ததாகவும் சொல்வாங்க. தோட்டக்கலை பத்தின எந்த வீடியோ பார்த்தாலும் இந்த 40 சதவீதம் வந்துடும். ஆனா அந்த 2 கோடி தோட்டத்துலயும் யாரும் தராசு வெச்சு எடை போடலை. அது மதிப்பீடு. அதுவும் மக்களை உற்சாகப்படுத்த நினைச்ச ஒரு அரசாங்கத்தோட மதிப்பீடு.

நம்ம ஊர்ல இதே கதை இன்னும் தெளிவா நடந்தது. ஒரு கிணறு வெட்டினா இவ்வளவு கூடுதல் தானியம், ஒரு டன் உரம் போட்டா இவ்வளவு கூடுதல் தானியம்னு அளவுகோல் வெச்சிருந்தாங்க. எத்தனை கிணறு, எத்தனை டன் உரம்னு எண்ணி, அளவுகோலால பெருக்கி, "இவ்வளவு கூடுதலா விளைஞ்சிருக்கு"ன்னு அறிக்கை எழுதுவாங்க. வயலுக்குப் போய் அளக்கிறது கிடையாது. வெட்டின கிணத்துல தண்ணி இருந்ததா, உரம் போட்ட நேரத்துல மழை பெய்ஞ்சதா? அளவுகோலுக்கு அது தெரியாது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது தொடர்ந்தது. 1952-ல இதை ஆராய ஒரு குழு போட்டாங்க. தலைவர் கரூர் பக்கத்து வாங்கல் ஊர்க்காரர், பரோடா சமஸ்தானத்துல திவானா இருந்த வி.டி. கிருஷ்ணமாச்சாரி. திட்டக் கணக்குல கூடுதலா விளைஞ்சதாச் சொன்ன தானியம், நாட்டோட மொத்த உற்பத்தி எண்ணிக்கையில அந்த அளவுக்குத் தெரியவே இல்லைங்கிறது அந்தக் குழு பேசின முக்கியமான விஷயங்கள்ல ஒண்ணு. அதே 1952-ல ராஜாஜி முதலமைச்சரா வந்து மதராஸ்ல ரேஷனை எடுத்தார்.

கவனிச்சீங்களா? கர்ணம் காலத்துல எண் கீழே சாய்ஞ்சது, ஏன்னா அதிக எண்ணுக்கு வரி. இயக்கம் வந்ததும் எண் மேலே சாய்ஞ்சது, ஏன்னா அதிக எண்ணுக்குப் பாராட்டு. நிலம் அதே நிலம்தான்.

இப்போ நம்ம மாடிக்கு வாங்க. இங்க வரியா, பாராட்டா? பாராட்டுதான். காய்ச்ச செடியை போட்டோ எடுப்போம், காய்ஞ்ச செடியை எடுக்க மாட்டோம். ஆக, நம்ம எண் எந்தப் பக்கம் சாயும்னு தெரிஞ்சுபோச்சு.

சின்னத் துண்டு நிலம் சொன்ன பொய்

சரி, கண்ணை நம்ப முடியாது, அளவுகோலை நம்ப முடியாது. வயல்ல ஒரு சின்னத் துண்டை அறுத்து எடை போட்டுப் பெருக்கினா? இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை.

இதை இந்தியாவுல ஒழுங்கா முதல்ல பண்ணிப் பார்த்தவர் ஜே.ஏ. ஹப்பேக்னு ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. 1920-கள்ல பீகார், ஒரிசா பகுதியில நெல் வயல்கள்ல ஒரு முக்கோணச் சட்டத்தை வெச்சு, அதுக்குள்ள இருக்குற கதிரை மட்டும் அறுத்து எடை போட்டார். சட்டத்தோட பரப்பு ஏக்கர்ல 3,200-ல ஒரு பங்கு. அதாவது 14 சதுர அடி கூட வராது. நம்ம மாடியில பன்னிரண்டு, பதிமூணு பைகளை ஒட்டி வெச்சா எவ்வளவு இடமோ அவ்வளவு.

கல்கத்தாவுல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நடத்தின மகலனோபிஸும் வங்காளத்துல சின்ன வட்டங்களை வெச்சுதான் அளந்தார். சின்னதா இருந்தா வேலை சுலபம், நிறைய இடத்துல அளக்கலாம்னு அவர் வாதம். டெல்லியில இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்துல இருந்த பி.வி. சுகாத்மே ஒத்துக்கலை. ஒரே வயல்கள்ல பெரிய துண்டும் சின்னத் துண்டும் அறுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். துண்டு சின்னதாக ஆக, விளைச்சல் கூடிக்கிட்டே போச்சு. ரொம்பச் சின்ன வட்டங்கள்ல உண்மையை விட 40 சதவீதம் போல அதிகமா வந்தது. 1946-ல 'நேச்சர்' இதழ்ல இதை எழுதினார். ரெண்டு பேருக்கும் நடந்த வாக்குவாதம் இந்தியப் புள்ளியியல் வரலாற்றுல ரொம்பப் பிரபலம்.

ஏன் அதிகமா வருது? யாரும் ஏமாத்தலை. வட்டத்தோட ஓரத்துல நிக்கிற செடி உள்ளேயா வெளியேயான்னு சந்தேகம் வந்தா, கை தானா "உள்ளே"ன்னு எடுத்துக்கும். துண்டு சின்னதா இருந்தா ஓரம்தான் அதிகம், உள்பகுதி குறைவு. அதனால தப்பும் அதிகம். அப்புறம் அதை 3,200-ஆல பெருக்கும்போது ஒரு கைப்பிடிக் கதிர் மூட்டையா மாறிடுது.

இன்னிக்கு தமிழ்நாட்டுல நெல்லுக்குக் காப்பீட்டுக் கணக்குப் போட 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுக்கிறாங்க. 25 சதுர மீட்டர். நம்ம பலரோட மொத்த மாடித் தோட்டமும் அந்த ஒரு சாம்பிள் அளவுக்குக் கூட வராது.

இதை மாடிக்கு மாத்திப் பாருங்க. ஒரு அடி அகலப் பையில ஒரு தக்காளிச் செடி. நல்லா வந்தது, 2 கிலோ தந்தது. உடனே மனசு பெருக்கும்: ஒரு சதுர அடிக்கு 2 கிலோ, 100 சதுர அடிக்கு 200 கிலோ! ஆனா அந்தச் செடி ஒரு சதுர அடியில வாழலை. வேர்தான் பைக்குள்ள இருக்கு, இலையும் கிளையும் மூணு சதுர அடி வெயிலைக் குடிக்குது. வயல்ல ஒரு தக்காளிச் செடிக்குப் பரிந்துரைக்கிற இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான். நீங்க நடக்க வழி விட்டா 100 சதுர அடியில 20 செடிதான் நிக்கும். அதோட, நீங்க எடை போட்டது உங்ககிட்ட இருந்ததுலயே நல்ல செடி. ஓரத்துல நல்ல வெயில்ல நின்ன செடி. சுகாத்மே சொன்ன அதே ஓரத்துச் செடி.

ஒரு கிரவுண்டு, அஞ்சு சென்ட்

சென்னையில மட்டும் நிலத்தை 'கிரவுண்டு'ன்னு சொல்றோம். 2,400 சதுர அடி. இது இங்கிலீஷ்காரன் கண்டுபிடிச்ச அளவு இல்லை. செங்கல்பட்டுப் பகுதியோட பழைய 'மனை'தான் அது. 24 மனை ஒரு காணி. ஒரு வீடு கட்ட ஒரு மனைங்கிறது, கொல்லையையும் கிணத்தையும் சேர்த்த அளவு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீட்டுத் தோட்டத்துக்குத் தர்ற கணக்கு என்ன தெரியுமா? அஞ்சு பேர் உள்ள குடும்பத்துக்கு வருஷம் முழுக்கக் காய்கறி வேணும்னா சுமார் 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர் நிலம் வேணும். 5 சென்ட்ங்கிறது 2,178 சதுர அடி. கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு!

அதாவது ஒரு முழு மனையிலயும் வீடே கட்டாம தோட்டம் மட்டும் போட்டாத்தான் ஒரு குடும்பத்துக்குக் காய் போதும்.

1920-கள்ல தி.நகரை உருவாக்கினப்போ பழைய நீண்ட ஏரியோட படுகையைத் தூர்த்து மனை பிரிச்சாங்க. மேற்கு மாம்பலத்துல ஏரி இல்லாமலே ஒரு லேக் வியூ ரோடு இன்னும் இருக்கு. அன்னிக்கு மனை வாங்கினவங்க பலர் ரெண்டு, மூணு கிரவுண்டு வாங்கினாங்க. நடுவுல வீடு, சுத்தி மா, தென்னை, முருங்கை. அடையாறு காந்தி நகர்லயும் அதே அமைப்புதான். அப்புறம் அந்த ஒவ்வொரு வீடும் எட்டு ஃப்ளாட், பன்னிரண்டு ஃப்ளாட் ஆச்சு. கொல்லை கார் பார்க்கிங் ஆச்சு. எட்டுக் குடும்பத்துக்குப் பொதுவா மிஞ்சினது ஒரு மொட்டை மாடி. அதுலயும் தண்ணித் தொட்டி, சோலார், துணிக்கொடி, "ஒழுகும், பை வெக்காதீங்க"ன்னு சொல்ற அசோசியேஷன் செக்ரட்டரி.

2013-14-ல தமிழக அரசோட தோட்டக்கலைத் துறை சென்னையிலயும் கோவையிலயும் மானிய விலையில மாடித் தோட்ட கிட் கொடுக்க ஆரம்பிச்சது. பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை எல்லாம் சேர்த்து. நல்ல திட்டம். நிறைய பேர் செடி வளர்க்கக் கத்துக்கிட்டது அதுலதான். ஆனா எத்தனை கிட் கொடுத்தாங்கன்னு எண்ணுறதும், எத்தனை கிலோ காய் வந்ததுன்னு எண்ணுறதும் வேற வேற. கிணறு எண்ணின கதையை மறக்க வேண்டாம்.

இப்போ கணக்கு

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. கர்ணத்தோட ஃபார்முலாதான்.

முதல்ல, எவ்வளவு வேணும்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2010-கள்ல சொன்ன அளவு ஒரு ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் காய்கறி. அதுல 50 கிராம் கீரை. பிறகு வந்த பரிந்துரைகள்ல இன்னும் கூட்டியிருக்காங்க, நாம குறைஞ்ச அளவையே எடுப்போம். நாலு பேருக்கு நாளைக்கு 1.2 கிலோ. வருஷத்துக்கு 438 கிலோ.

அடுத்தது பரப்பு. மாடியில 100 சதுர அடி உங்களுக்குக் கிடைச்சிருக்கு. அது 9 சதுர மீட்டர் சொச்சம். நடக்கற வழி, நிழல் விழற மூலை போனா, உண்மையில செடி வெயில் வாங்கற இடம் 5 சதுர மீட்டர்.

அடுத்தது வழக்கமான விளைச்சல். ஒரு சுலபமான விஷயம் சொல்றேன். விவசாயப் புத்தகங்கள்ல விளைச்சலை ஹெக்டேருக்கு இத்தனை டன்னு போட்டிருப்பாங்க. அதை 10-ஆல வகுத்தா ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். வெண்டை சாதாரண ரகம் ஹெக்டேருக்கு 12-லிருந்து 15 டன், அதாவது சதுர மீட்டருக்கு ஒண்ணேகால், ஒன்றரை கிலோ. கத்தரி 25 டன் போல, அப்போ ரெண்டரை கிலோ. தக்காளி 30 டன், 3 கிலோ. வீரிய ரகங்கள்ல இன்னும் அதிகம் வரும், ஆனா அது விவசாயி தண்ணி, உரம், அனுபவம் எல்லாம் போட்டு எடுக்கற விளைச்சல். கலந்து போட்டா சதுர மீட்டருக்கு 2 கிலோன்னு வெச்சுக்கலாம். சென்னையில வருஷத்துக்கு ரெண்டு பட்டம் நல்லா வரும்.

5 பெருக்கல் 2 பெருக்கல் 2. வருஷத்துக்கு 20 கிலோ.

கடைசியா அணா. இதுதான் எல்லாரும் மறக்கறது. சென்னையோட வருஷத்தை நினைச்சுக்கோங்க. "ஆடிப் பட்டம் தேடி விதை"ன்னு விதைக்கிறோம். செடி காய்க்கிற நேரத்துல வடகிழக்குப் பருவமழை அடிச்சுத் தள்ளும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம். கோடையில அக்னி நட்சத்திரம், மாடித் தரையே தோசைக்கல். பூ கொட்டிடும். நடுவுல மாவுப்பூச்சி, அணில், ஊருக்குப் போன ரெண்டு வாரம். அனுபவம் உள்ளவங்களுக்கு 10 அணான்னு நான் போடுவேன். முதல் வருஷம்னா 8 அணா கிடைச்சாலே சந்தோஷப்படுங்க.

20 கிலோவுல 16-க்கு 10. பன்னிரண்டரை கிலோ.

நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு 1.2 கிலோ. அப்போ உங்க 100 சதுர அடி மாடித் தோட்டம் வருஷத்துல பத்து நாளைக்குக் காய் தரும். பத்தே நாள்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கோங்க. ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு நாலு, அஞ்சு லிட்டர் தண்ணி வேணும். 5 சதுர மீட்டருக்கு 20, 25 லிட்டர். ஒண்ணரைக் குடம். சாதாரண நாள்ல பெரிசாத் தெரியாது. 2019 ஜூன்ல செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், செங்குன்றம் நாலும் வறண்டு, லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னோமே, அப்போ அந்த ஒண்ணரைக் குடம் செடிக்கா மனுஷனுக்கான்னு கேள்வி வந்தது. எந்தக் கணக்குலயும் அந்தக் கேள்வி இல்லை.

அப்போ வேண்டாமா?

வேணும். எதைப் போடுறோம்ங்கிறதை மாத்தணும்.

அதே 5 சதுர மீட்டர்ல கீரை போட்டுப் பார்ப்போம். அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை. ஒரு சுற்றுக்கு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, 25, 30 நாள்ல தயார். கொட்டுற மழையையும் கத்திரி வெயிலையும் விட்டுட்டா வருஷத்துக்கு 8 சுற்று. 40 கிலோ. அதே 10 அணா போட்டா 25 கிலோ. நாலு பேருக்கு நாளைக்கு 200 கிராம் கீரைதான் தேவை. ஆக, 125 நாள்! வருஷத்துல நாலு மாசம் உங்க வீட்டுக் கீரை முழுக்க மாடியில இருந்தே வரும்.

பரப்பு மாறலை, அணா மாறலை. பத்து நாள் நாலு மாசமா மாறிடுச்சு. காரணம், எது சீக்கிரம் வளருதோ, எது நமக்குக் கொஞ்சமாத் தேவையோ, எதை வாங்கி வெச்சா மறுநாளே வாடிடுமோ, அதைப் போட்டோம். பெரிய வெங்காயத்தையும் உருளையையும் கோயம்பேட்டுக்கு விட்டுட்டோம்.

இப்போ மயிலாப்பூர்ப் பாட்டியோட கொல்லையை மறுபடி பாருங்க. கறிவேப்பிலை, முருங்கை, வாழை, எலுமிச்சை, சேம்பு. வீட்டுக்கு வேண்டிய எல்லாக் காயையும் அங்க போட யாரும் முயற்சி பண்ணலை. கத்தரியும் பூசணியும் தெருவுல கூடைக்காரம்மாகிட்ட வாங்கினாங்க. அடுப்புல வாணலியை வெச்சுட்டுப் போய்ப் பறிக்கற விஷயங்களை மட்டும் கொல்லையில வெச்சாங்க. கறிவேப்பிலையைக் கடையில கொசுறாத் தருவாங்க, விலை மதிப்பு பூஜ்யம். ஆனா தாளிக்கும்போது இல்லைன்னா தெரியும் அதோட மதிப்பு.

1956-ல இங்கிலாந்துல ராபின் பெஸ்ட், ஜே.டி. வார்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதே மாதிரி ஒரு கேள்வியைக் கிளப்பினாங்க. நகரம் பரவி விவசாய நிலத்தை முழுங்குதுன்னு எல்லாரும் கவலைப்பட்ட நேரம். வீட்டுத் தோட்டங்கள்ல விளையறதோட மதிப்பைக் கணக்குப் போட்டா, அது நல்ல பண்ணை நிலத்துக்குச் சளைச்சது இல்லைன்னு சொன்னாங்க. பெரிய சர்ச்சை ஆச்சு. எடையா விலையா, பண்ணை விலையா கடை விலையான்னு எதை வெச்சு அளக்கறோமோ, அதைப் பொறுத்து தோட்டம் சின்னதாவும் தெரியும், பெரிசாவும் தெரியும்.

கடைசியா ஒரு வேலை தர்றேன். ஒரு பட்டம், நாலே நாலு மாசம், ஒரு சின்ன நோட்டு போடுங்க. உங்க மாடிக்கு ஒரு அடங்கல். தேதி, என்ன பறிச்சோம், எத்தனை கிராம். சமையலறைத் தராசு போதும். காய்ஞ்ச செடியையும் எழுதுங்க, அணில் தின்னதையும் எழுதுங்க. எத்தனை குடம் தண்ணி ஊத்தினீங்கன்னும் எழுதுங்க. வரியும் இல்லை, பாராட்டும் இல்லை, அதனால எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை. அடுத்த ஆடியில விதை வாங்கும்போது அந்த நோட்டைப் பார்த்து வாங்குங்க.

ஆயிரம் வருஷமா நத்தம்னு ஒதுக்கி வெச்ச கொல்லையை எந்த அரசாங்கமும் அளக்கலை. நாம அளந்தாத்தான் உண்டு.

உங்க நோட்டுல எத்தனை அணா வந்ததுன்னு எழுதி அனுப்புங்க. 6 அணா வந்தாலும் மறைக்காம சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.